தூணுக்குச் சொன்ன பாடம்

கப்பலை விட்டு இறங்கி அரை மணி நேரம் ஆன பிறகுதான் பை இல்லை என்பது தெரிந்தது. அதைக் கூட நாந்தே லயாஸ் கண்டுபிடிக்கவில்லை. பகாவ்ஹெனி துறைமுகத்தில், மேடான் போகிற பேருந்தின் வயிற்றுக்குள் மாப்பிள்ளை தெர்கெலின் சாமான்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். பாய்ச் சுருள். அட்டைப்பெட்டி. கயிறு கட்டிய தகர டப்பா. அதோடு அவன் கை நின்றுபோனது. அவளுக்கு முதுகைக் காட்டியபடியே பேருந்தின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"சக்கரமே, மாமிகிட்ட கேளு. நீலக் கட்டம் போட்ட பை அவங்க கையிலதானே இருக்கு?"

அவள் தன் கையைப் பார்த்தாள். வெற்றிலைச் சுருக்குப்பையும் தண்ணீர்க் குப்பியும் இருந்தன.

"சக்கரமே," என்றாள். "அதை மாப்பிள்ளை எடுத்துட்டு வர்றாருன்னுல்ல இருந்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காரோ மலைக்காரர்களிடம் மாமியாரும் மருமகனும் நேரில் பேசிக்கொள்வதில்லை. முகம் பார்ப்பதில்லை, ஒரே பலகையில் ஒட்டி உட்காருவதில்லை. பகை ஒன்றும் கிடையாது, மரியாதை அப்படி. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் அகப்படாவிட்டால் குடம், அடுப்பு, கல், எது கண்ணில் படுகிறதோ அதைக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னது அடுத்தவர் காதில் விழுந்துவிடும்.

கப்பலில் கூட்டம். ஒரே ஒரு நீள பெஞ்சுதான் கிடைத்தது. ஆகவே அந்தப் பையை நடுவில் நிற்க வைத்து, அதற்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள் என்று ஜலசந்தி முழுக்கக் கடந்து வந்தார்கள். கரை வந்ததும் அவள் முந்தி எழுந்து நடந்தாள், அவன் எதிரில் வந்துவிடக் கூடாதே என்று. மூட்டை எல்லாம் எடுக்கிற பிள்ளை அதையும் எடுத்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டே மூட்டைகளைத் தோளில் ஏற்றினான். நடுவில் இருந்த பை மாமியுடையது, அதை அவர் கையோடு கொண்டுபோயிருப்பார் என்று நினைத்தான். வேறு எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் எழுந்திருக்கும்போது, "பைய எடுத்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

தெர்கெலின் கப்பலுக்குத் திரும்பி ஓடினான். பெஞ்சு காலியாக இருந்தது. சமையற்கட்டில் ஒருவன், "துறைமுகக் காவல் கூண்டுல போய்க் கேளுங்க, கெடக்கறதெல்லாம் அங்கதான் போகும்" என்றான்.

பையில் என்ன இருந்தது என்பது நாந்தே லயாஸுக்கு மட்டும் தெரியும். தெர்கெலின் அதில் அவள் உடுத்தும் துணி இருப்பதாக நினைத்திருந்தான். இருந்தது அவள் மகளின் சாமான். ஒரு பச்சைச் சட்டை, துவைக்காதது. கஞ்சி ஊட்டிய கரண்டி. பாதி தீர்ந்த தைல பாட்டில். மஞ்சள் சீப்பு, அதில் சிக்கிய முடியோடு.

மகள் லயாஸ் செத்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. ஜலசந்திக்கு அந்தப் பக்கம் சிலெகோனில், மாப்பிள்ளை வேலை பார்க்கிற சிமெண்டுக் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீட்டில், ஒன்பது நாள் காய்ச்சலில் போனாள். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு மலையிலிருந்து நாலு நாள் பயணம் செய்து வந்த தாய்க்கு, அவளோடு பேசக் கிடைத்தது ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் வீட்டில் பேச்சு இருந்தது. "அம்மா, அவர் சாப்பிட்டாச்சான்னு கேக்கறாரு." "ஏங்க, அம்மாவுக்கு வெத்தல தீந்துபோச்சாம்." படுத்தபடியே இரண்டு பக்கமும் பேச்சைக் கடத்திக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியதோடு வீட்டில் பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு மாப்பிள்ளை கிட்டங்கியிலேயே படுத்துக்கொண்டான். காலையில் வந்து வாசலில் நின்று அரிசியை வைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்திடம் ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். அக்கம்பக்கத்தில் காரோ பேசுகிறவர் ஒருவரும் இல்லை. நாந்தே லயாஸுக்கு வேறு மொழி ஒன்றும் தெரியாது. ஊரிலிருந்து அழைத்துப் போக வருகிறேன் என்ற அண்ணன் மகன் வரவில்லை. அதனால்தான் அவளை மேடான் பேருந்தில் ஏற்றிவிட மாப்பிள்ளையே துறைமுகம் வரை வந்தான்.

ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அப்புறம் கரண்டி. அப்புறம் தைலம். சீப்பைக் கடைசியில்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை உடுப்பு மாற்ற வந்தான். அவள் வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மெத்தையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அலமாரியை இழுக்கிற சத்தம். பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்தவன் குடத்தருகில் நின்றான். "குடமே, இங்க ஒரு சீப்பு இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான். மாமியிடம் கேள் என்று சொல்லவில்லை. சொல்லாததால் அவளும் பதில் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பை போய்விட்டது. அது கிடைக்க வேண்டும். அதில் இருந்தது என்ன என்று மாப்பிள்ளைக்குத் தெரியவும் கூடாது. பெண் கொடுத்த வீட்டில் கேட்காமல் கை வைத்தவள் என்று ஆகிவிடும்.

காவல் கூண்டில் மேசைக்குப் பின்னால் வாகிமான் என்கிற காவலர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மேசையில் தட்டச்சு இயந்திரம், அதன் பக்கத்தில் வாழையிலையில் பாதி தின்ற சோறு. அறைக்குப் பின்னால் ஒரு தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் பைகளும் மூட்டைகளும் கிடந்தன. நாந்தே லயாஸ் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். நீலக் கட்டம் தெரிந்தது. ஒன்றில்லை, அஞ்சாறு. அந்த வருஷம் ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கையில் அதே பைதான்.

தெர்கெலின் உள்ளே போய்ப் பேசினான். இரண்டு பேரும் பேசுகிறது அவளுக்கு ஓடுகிற தண்ணீர் மாதிரி இருந்தது, பிடிக்க ஒரு வார்த்தையும் இல்லை. காவலர் தலையை ஆட்டினார். கையை விரித்தார். சிரித்தார். அவன் காது சிவந்துபோய் வெளியே வந்தான். கூண்டுக்கு முன்னால் இருந்த கொட்டகையின் இரும்புத் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"தூணே, மாமிகிட்ட சொல்லு. உள்ள என்ன இருக்குன்னு அவர் கேட்டாரு. நான் துணின்னேன். 'தம்பி, எல்லாப் பைலயும் துணிதான் இருக்கு. காலையில ஒருத்தன் இப்படித்தான் துணின்னு சொல்லி அடுத்தவன் பைய வாங்கிட்டுப் போயிட்டான், என் சட்டைய எங்க மேலதிகாரி கழட்டாத கொற'ங்கறாரு. பைக்குச் சொந்தக்காரங்களே வந்து உள்ள இருக்கறது ஒவ்வொண்ணா சொல்லணுமாம். நான் கூட நிக்கக் கூடாதாம்."

"தூணே, எனக்குத்தான் அந்தப் பேச்சு வராதே."

"அதையும் சொன்னேன். கத்துக்கிட்டு வரட்டும், நான் நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்னாரு."

பேருந்தும் நாலு மணிக்குத்தான். தலைக்கு மேல் வெயில் இப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தது.

நாந்தே லயாஸ் தூணுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள். மடித்து வாயில் போட்டு, யோசித்தாள். அவளாகவே போய்ச் சொல்ல வேண்டும், மாப்பிள்ளை கூட நிற்க மாட்டான் என்பது நல்லதாகத்தான் பட்டது. ஆனால் வார்த்தையை அவனிடம்தானே வாங்க வேண்டும். நாலு சாமானுக்கு நாலு வார்த்தை கேட்டால் நாலும் தெரிந்துவிடும். இருபது வார்த்தை கேட்டால் எந்த நாலு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"தூணே, மொதல்ல பை தொலஞ்சுபோச்சுங்கறத எப்படிச் சொல்றது?"

"தாஸ் சாயா ஹிலாங்."

"நீளமா இருக்கே."

"மூணே மூணு வார்த்தைதான்னு மாமிகிட்ட சொல்லு, தூணே. தாஸ்னா பை. சாயான்னா நான், என்னோடதுன்னும் வரும். ஹிலாங்னா தொலஞ்சது."

அவள் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை நாக்கு புரளவில்லை. மூன்றாவது தடவை வந்தது. நாலாவது தடவை தொலைந்தது முன்னால் வந்து பை பின்னால் போனது. தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் பொறுமையாகத் திருப்பிச் சொன்னான். கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவன் அவன், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கம்.

காப்பி விற்கிற பெண் ஒருத்தி கூடையோடு அவர்களைக் கடந்து போனவள் நின்றாள். அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

"தூணே, அவ என்ன சொன்னா?"

"தூணுக்கு எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டா. மாமியாருக்குச் சொல்லித் தர்றேன்னேன். 'எங்க மாமியாருக்கும் தூண் ஒண்ணு நட்டு வெச்சிருந்தா நான் இந்நேரம் குண்டாயிருப்பேன்'னுட்டுப் போறா."

நாந்தே லயாஸுக்குச் சிரிப்பு வந்தது. வெற்றிலையைச் சாக்காக வைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பத்து மூன்று நாளில் அவன் பேசி அவள் கேட்டதிலேயே நீளமானது இதுதான்.

அப்புறம் வார்த்தைகளைக் கேட்கத் தொடங்கினாள். குடைக்கு என்ன? பாயுங். துவாலைக்கு? ஹண்டுக். சட்டைக்கு? பாஜு. கத்திக்கு? கண்ணாடிக்கு? பாக்குவெட்டிக்கு? அந்தச் சாமான் இந்த ஊரில் கிடையாது, அதற்கு நானே பேர் தெரியாமல் இருக்கிறேன் என்றான். கரண்டிக்கு? செண்டோக். சங்கிலிக்கு? செருப்புக்கு? தைலத்துக்கு? கயிற்றுக்கு? ஒவ்வொன்றாக அவன் சொல்ல, அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். விரல் தீர்ந்து கால் விரலுக்கு வந்தாள். சீப்பை மட்டும் கேட்கவில்லை. கடைசியில் கேட்கலாம், பேச்சோடு பேச்சாகப் போய்விடும்.

"தூணே, இப்ப மொத்தமா சொல்லச் சொல்லு."

சொன்னாள். சட்டைக்குப் பாயுங் என்றாள். கரண்டிக்குக் கயிறு வந்தது. தைலத்துக்கு வந்தது காரோவா இந்தோனேசிய மொழியா என்றே தெரியவில்லை. தலையைக் குலுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை பையே தொலைந்துபோய் ஹண்டுக் மட்டும் மிஞ்சியது.

பேருந்தின் நடத்துநர் சிஹார் பல் குத்திக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனதால் மணி மூன்று என்று தெரிந்தது.

"தூணே," என்றான் தெர்கெலின். சொல்லலாமா வேண்டாமா என்று இருக்கிற குரல். "மாமிகிட்ட சொல்லு. இத்தன வார்த்த வேண்டாம். பைக்குள்ள நெசமா இருக்கறது மட்டும் போதும்."

அவள் மடக்கிய விரல்களையே பார்த்தாள்.

"குட அதுல இல்ல. குட வீட்டுல கதவுல தொங்குது. துவால அட்டப்பெட்டியில இருக்கு, காலையில நாந்தான் மடிச்சு வெச்சேன்."

கப்பல் ஒன்று சங்கு ஊதியது. ஊதி முடிகிறவரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

இருபது வார்த்தையும் தனக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தடுப்புக்குப் பின்னால் நீலக் கட்டம் அவள் கண்ணிலேயே நின்றது. அந்த அஞ்சாறில் ஒன்று அதுவாக இருக்கலாம். மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். குடையை விட்டாள். துவாலை, கத்தி, கண்ணாடி, செருப்பு, சங்கிலி, கயிறு.

"சட்டை," என்றாள்.

"பாஜு."

"பாஜு. கரண்டி."

"செண்டோக்."

"தைலம்."

"மிஞாக்."

மூன்று விரல் மடங்கியிருந்தது. வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினாள். புதிதாக ஒன்று மடித்தாள். வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தூணே, சீப்புக்கு என்ன?"

தூணுக்கு அந்தப் பக்கம் அவன் தோளின் ஓரம் மட்டும் தெரிந்தது. கையில் பிடித்திருந்த கிராம்புச் சிகரெட் எரிந்துகொண்டே போய்ச் சாம்பல் நீண்டு தானாக விழுந்தது. அவள் தரையைப் பார்த்தாள். எறும்பு ஒன்று வெற்றிலைக் காம்பை இழுத்துக்கொண்டு போயிற்று. அது தூண் வரை போய், தூணைச் சுற்றி, அந்தப் பக்கம் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிசிர்," என்றான்.

"சிசிர்."

"குனிங்னா மஞ்சள்," என்றான். அவள் நிறத்தைக் கேட்டிருக்கவில்லை. "சிசிர் குனிங். மஞ்சள்னும் சேத்துச் சொல்லச் சொல்லு, தூணே. அப்பதான் அவருக்குச் சரியா தெரியும்."

"சிசிர் குனிங்."

"இன்னொரு தடவ."

"சிசிர் குனிங்."

"யாரோடதுன்னு கேட்டா அனாக் சாயான்னு சொல்லணும்."

"அனாக்? நம்ம அனாக் தானா?"

"அதேதான். பிள்ளைக்கு அங்கயும் அதே வார்த்ததான்."

அந்த ஒரு வார்த்தையைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. தூணைப் பிடித்து நிமிர்ந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, தனியாகக் கூண்டுக்குள் போனாள். மனசுக்குள் நாலு வார்த்தையும் சட்டியில் தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தன. சிந்திவிடுமோ என்று மெதுவாக நடந்தாள்.

வாகிமான் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"தாஸ் சாயா ஹிலாங்," என்றாள். மேற்கொண்டு அவர் ஏதாவது கேட்டுவிடுவதற்கு முன்னால் மீதியையும் சொல்லிவிட்டாள். "பாஜு. செண்டோக். மிஞாக். சிசிர் குனிங்."

பச்சை என்பதற்கு வார்த்தை கேட்காமல் விட்டது அப்போதுதான் நினைவு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற வாழையைக் காட்டி, பிறகு தன் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. கரண்டி என்று சொல்லிவிட்டு வாயில் ஊட்டுகிற மாதிரி காட்டினாள். அதற்கும் தலையாட்டினார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியாவிட்டாலும் என்ன கேட்பார் என்று தெரியும்.

"அனாக் சாயா," என்றாள்.

அவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனார். நீலக் கட்டப் பைகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக ஜிப்பைத் திறந்து கைவிட்டுப் பார்த்தார். முதல் பையிலிருந்து கருவாட்டு நாற்றம் வந்தது. இரண்டாவதில் பள்ளிக்கூடப் புத்தகங்கள். மூன்றாவதைத் திறந்ததும் நிறுத்தி உள்ளே உற்றுப் பார்த்தார். நாந்தே லயாஸ் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பச்சைத் துணியை உருவி அவளுக்குக் காட்டினார். அது ஆண்பிள்ளைக் கைலி. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். நாலு. ஐந்து. ஆறாவது பையை அவர் மூடின விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வாழையிலையை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஒரு தாளுக்குப் பின்னால் கரித்தாள், அதற்குப் பின்னால் இன்னொரு தாள், இன்னொரு கரித்தாள், கடைசியாக ஒரு தாள் என்று அடுக்கி இயந்திரத்தில் நுழைத்தார். தொலைந்துபோன பொருளுக்குக் காவல் நிலையத்துக் காகிதம். அது இருந்தால்தான் பின்னால் கிடைத்தாலும் வாங்க முடியும். ஜன்னல் வழியாகத் தெர்கெலினைக் கூப்பிட்டார், இனிமேல் அவன் உள்ளே வரலாம் என்று. அவன் வந்து மேசையின் மறுகோடியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

பெயர் கேட்டபோது நாந்தே லயாஸ் என்றாள். அதற்கு லயாஸின் அம்மா என்று பொருள், அடையாள அட்டையில் அப்படி இருக்காதே என்று அவன் எடுத்துச் சொன்னதும், அவள் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். புலுங் பெரு தாரிகான். காவலர் அதைச் சத்தம் போட்டுப் படித்தார். அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகியிருந்ததால் யாரையோ சொல்கிற மாதிரி இருந்தது.

நாலு சாமானையும் ஒரு விரலால் தட்டி அடித்து முடித்தார். பிறகு அவனிடம் இன்னொன்று கேட்டார். அவன் மேசையில் இருந்த மைப்புட்டியைப் பார்த்தான்.

"புட்டியே, மாமிகிட்ட கேளு. பை கெடச்சா யாருக்குக் குடுக்கறதுன்னு ஒரு பேர் எழுதணுமாம். நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம்."

மலையிலிருந்து இங்கே வர நாலு நாள். அவள் இன்னொரு தடவை வரப்போவதில்லை. சிலெகோனிலிருந்து கப்பலேறினால் ஒரு பகல். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் யோசித்தாள். தன் பெயர் எழுதினால் பை இங்கேயே கிடந்து மட்கும். அவன் பெயர் எழுதினால் அது திரும்ப அதே வீட்டுக்குப் போகும்.

அவள் காவலரைப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். ஆள். மூச்சு விடுகிற, காது இருக்கிற ஓர் ஆள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

"அய்யா," என்றாள் காரோவிலேயே, அவர் முகத்தைப் பார்த்து. "எங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க. அவர் பேரையே எழுதட்டும். நான் கேக்காம எடுத்துட்டேன். கேக்கறதுக்கு நடுவுல ஆள் இல்ல."

வாகிமான் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா? என்ன சொல்றாங்க தம்பி? இதையும் எழுதணுமா?"

"எழுத வேண்டாங்கய்யா," என்றான் தெர்கெலின் அவர் மொழியில். "நீங்க சும்மா இருங்க, போதும்." அப்புறம் அவனும் அவர் முகத்தைப் பார்த்துக் காரோவில் பேசினான். "அய்யா, மாமிகிட்ட சொல்லுங்க. நான் அத மெத்தைக்குக் கீழ தேடினேன். எங்கயும் இல்லைன்னதும் செத்துப்போனவ திரும்பி வந்து எடுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். இன்னொரு தடவ வருவாளோன்னுதான் ரெண்டு நாள் கதவ சாத்த வேண்டான்னு குடத்துகிட்ட சொன்னேன்."

"அந்த ரெண்டு நாளும் கதவு தெறந்து கெடந்ததுக்குத் திருடன் வருவான்னு நான் முழிச்சிட்டு இருந்தேன்னு சொல்லுங்க அய்யா."

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

"சீப்ப அவர் வெச்சுக்கட்டும். கெடச்சா."

"சட்டைய மாமிக்கு அனுப்பறேன். தொவைக்காம அனுப்பறேன்னு சொல்லுங்க."

"அதுல முடிய எடுக்க வேண்டாம். சீப்புல."

"எடுக்க மாட்டேன்."

வாகிமான் இயந்திரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரே மேசைகிட்ட இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்கிட்ட சொல்றீங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்றார் தனக்குள். எழுந்து போகவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பக்கம் முகத்தைத் திருப்பினார், அவ்வளவுதான் தன் வேலை என்று பிடிபட்டுவிட்ட மாதிரி.

பிறகு தெர்கெலின் தன் பெயரையும் கிட்டங்கியின் விலாசத்தையும் சொன்னான். காவலர் தட்டினார். தாள்களை உருவி, முத்திரையை ஊதி ஊதி அழுத்திக் குத்தினார். ஒரு தாள் கூண்டுக்கு. ஒன்றை அவளிடம் கொடுத்தார். சட்டப்படி அதோடு முடிந்தது. கரித்தாளில் விழுந்த கடைசிப் பிரதியைத் தானே வைத்துக்கொள்வது அவர் வழக்கம், பின்பக்கத்தில் சீட்டாட்டக் கணக்கு எழுத. அதை எடுத்து மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார்.

வெளியே சிஹார் பேருந்தின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். "என்னப்பா, மேடான் வரைக்கும் உள்ள எல்லாரும் உங்க ஒரு பைக்காக இங்கயே குடித்தனம் பண்ணணுமா?"

ஜன்னலோர இடத்தைத் தெர்கெலின் முன்பே சொல்லி வைத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஜன்னலுக்குக் கீழே நின்றான், பேருந்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து. அப்படி நிற்பதுதான் மரியாதை. சட்டையின் முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது. நாலாக மடித்த காகிதம் பின்பைக்குள் பாதி செருகியிருந்தது. விழுந்துவிடும், உள்ளே தள்ளு என்று சொல்ல நினைத்தாள். யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தான். அடுத்த கப்பலுக்கு ஏற்றிய லாரிகள் குறுக்கே வந்து மறைத்தன.

பக்கத்து இடத்தில் ஒரு பெண், மடியில் நேந்திரம்பழத் தார் அளவுக்கு ஒரு மூட்டை. வண்டி மேட்டில் ஏறிய பிறகு அவள் நாந்தே லயாஸின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். என்ன தொலைந்தது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"தாஸ் சாயா ஹிலாங்," என்றாள் நாந்தே லயாஸ். "சிசிர் குனிங். அனாக் சாயா."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, நீளமாக, வேகமாக, இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டாள். அதில் அனாக் என்கிற வார்த்தை இரண்டு தடவை வந்தது. மற்றது ஒன்றும் பிடிபடவில்லை.

நாந்தே லயாஸ் அவளுக்குப் பதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். சட்டை இருந்தது, கரண்டி இருந்தது, தைலம் இருந்தது. அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு முன்சீட்டுக்காரியிடம் பேச ஆரம்பித்தாள்.

மேடானுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.